லிங்க்ட்இன் பட்டறைக்காரருக்கும் பயன்படுமா?

கோவையில் ஒரு பட்டறைக்கு ஆர்டர் வருவது பெரும்பாலும் ஆள் மூலமாகத்தான். கணபதியில் லேத் போட்டிருப்பவரைப் பற்றி பீளமேட்டில் பம்ப் கம்பெனி நடத்துபவர் நல்ல வார்த்தை சொல்லுவார். அதை நம்பிக் குறிச்சி சிட்கோவிலிருந்து ஒருவர் டிராயிங்கோடு வந்து நிற்பார். திருப்பூரிலும் இதே கதைதான். பையிங் ஆபீசில் நல்ல பழக்கமான மெர்ச்சண்டைசர் வேறு கம்பெனிக்கு மாறினால், அவர் பின்னாலேயே புது ஆர்டருக்கான பேச்சும் தொடங்கும். இந்த அறிமுகச் சங்கிலியை உலகம் முழுக்க நீட்டித் தருகிறேன் என்று சொல்லும் தளம் லிங்க்ட்இன். 2003 மே மாதம் தொடங்கியது, 2016இல் 2,620 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்று 100 கோடிக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அதில் 10 கோடிக்கு மேல் இந்தியர்கள்.

ஆனாலும் நம் பக்கத்தில் அது சரவணம்பட்டி, கீரணத்தம் ஐ.டி. பிள்ளைகளின் இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். "ஏனுங்க, அது வேலை தேடற பசங்க இருக்கற எடமாச்சே, நமக்கெதுக்குங்க?" என்று பம்ப் உதிரிப் பாகம் செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவருடைய சரக்கை வாங்கும் கம்பெனிகளின் பர்ச்சேஸ் மேனேஜர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று தேடிக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடந்த சில ஆண்டுகளில் இந்தத் தளம் ஏகப்பட்ட புது வசதிகளைக் கொட்டியிருக்கிறது. இலவசக் கணக்கில் கிடைப்பவற்றை அவரைப் போன்ற சிறு தொழில்காரர் கண்ணோடு பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தவை இவை.

முதலில் பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரி. ஹெட்லைன் என்பார்கள், 220 எழுத்து வரை இடம் உண்டு. பெரியவரின் பக்கத்தில் 'மேனேஜிங் பார்ட்னர்' என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டு சொல்லை வைத்து யாரும் யாரையும் தேடப்போவதில்லை. அதை எடுத்துவிட்டு, எஸ்.எஸ். இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங், பம்ப் இம்பெல்லர், சி.என்.சி. மெஷினிங், எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை வார்ப்போம், ஊர் கோயம்புத்தூர் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தேடல் முடிவில் பெயருக்கு அடுத்து கண்ணில் படுவது இந்த வரிதான். வாங்குபவர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்கள் அதில் இருந்தே ஆக வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு செய்தி: நம் எழுத்தின் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'ம்' என்பதே இரண்டு. ஆகவே 220 என்பது நமக்கு அதைவிடக் குறைவான இடம்தான்.

உங்கள் பக்கம் எத்தனை தேடல்களில் தட்டுப்பட்டது, தேடியவர்கள் எந்தெந்தக் கம்பெனிக்காரர்கள் என்பதைத் தளம் காட்டும். ஹெட்லைனை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான சொல் விழுந்ததா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அடையாளச் சரிபார்ப்பு. 2023 முதல் இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டி, பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்ததற்கான முத்திரை பெறலாம். காசு கிடையாது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது, நமக்கோ இனிஷியலும் பெயரும்தான். ஆதாரில் உள்ளபடியே பெயரைத் திருத்திக்கொண்டு தொடங்கினால் அலைச்சல் மிச்சம். கம்பெனி மின்னஞ்சல் வழியாக வேலையிடத்தைச் சரிபார்க்கும் இன்னொரு முறையும் இருக்கிறது, ஆனால் ஜிமெயில் முகவரியிலேயே கொட்டேஷன் அனுப்பும் பட்டறைகளுக்கு அது கிடைக்காது. சொந்த டொமைன் மின்னஞ்சல் வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். முத்திரை இருப்பதால் ஆள் நாணயமானவர் என்று ஆகிவிடாது. இந்தப் பெயரில் இப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருக்கிறார் என்பதோடு அதன் வேலை முடிந்தது. முகம் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டிய ஜெர்மனிக்காரருக்கு அதுவே முதல் படி.

பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பி.டி.எஃப். கோப்பை அப்படியே ஏற்றும் வசதி. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கலாம். திருப்பூரில் நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று தனித்தனியே நடத்துபவர்களுக்கு இது நல்ல வழி. துணியின் ஜி.எஸ்.எம்., நூல் எண், துவைத்த பின் சுருக்கம் எத்தனை சதவீதம், என்ன சான்றிதழ் கையில் இருக்கிறது என்று ஆறேழு பக்கம் போட்டால் வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பிறகு அந்தப் பதிவை 'ஃபீச்சர்ட்' பகுதியில் நிறுத்தி வைத்தால், பக்கத்துக்கு வரும் எவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவார்கள். வீடியோவும் எடுபடுகிறது. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவதோ, இம்பெல்லரை பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றுவதோ அரை நிமிடம் போனில் எடுத்துப் போட்டாலே போதும். பின்னணிப் பாட்டு வேண்டாம், மெஷின் சத்தம் கேட்கட்டும். தொழில் தெரிந்தவன் அந்தச் சத்தத்திலேயே பாதியைப் புரிந்துகொள்வான்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஏற்றிய பி.டி.எஃப்.பைப் பார்ப்பவர்கள் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் டிராயிங், பார்ட் நம்பர் தெரியும் படம், இன்னும் கடைக்கு வராத சீசனின் டிசைன் இவற்றில் எதையும் போடக்கூடாது. போட்டோ எடுக்கும்போது பின்னால் மேஜையில் கிடக்கும் ஜாப் கார்டையும் கவனியுங்கள். ஒரு படத்தால் பல வருட ஆர்டர் போகும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறொன்று. அது புது வசதியும் அல்ல, பழைய ஒரு செட்டிங். நீங்கள் யார் யாரோடு இணைந்திருக்கிறீர்கள் என்ற பட்டியலை உங்களோடு இணைந்திருக்கும் எவரும் பார்க்க முடியும். நீங்களாக மாற்றாவிட்டால் அப்படித்தான் இருக்கும். ஐ.டி. ஊழியருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் திருப்பூர் எக்ஸ்போர்ட்டருக்கும் கோவை வார்ப்புக்காரருக்கும் அது ஆர்டர் புக்கை வாசலில் விரித்து வைத்தது போல. பக்கத்துத் தெருப் போட்டியாளர் ஒரு அழைப்பு அனுப்புவார், 'தெரிஞ்ச பையன்தானே' என்று நீங்கள் ஏற்பீர்கள். அன்று ராத்திரியே உங்கள் பையர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் அழைப்பு போயிருக்கும். செட்டிங்ஸில் விசிபிலிட்டி, அதில் கனெக்‌ஷன்ஸ் என்று போய் அணைத்துவிடுங்கள். இருவருக்கும் பொதுவான ஆட்கள் அப்போதும் தெரிவார்கள், மற்றவர்கள் தெரியமாட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் எத்தனையோ பேர் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் புது பையர் தேடி ஓடினார்கள். அப்படி ஓடித் தேடிப் பிடித்த ஒரு பெயரின் மதிப்பு தெரிந்தவர்களுக்கு இந்தச் செட்டிங்கின் அருமை விளக்க வேண்டியதில்லை.

புதியவரை அழைக்கும்போது ஒரு சிறு குறிப்பும் சேர்த்து அனுப்பலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் அந்த வாய்ப்பு, அதுவும் 200 எழுத்துக்குள். அதனால் குறிப்புகளைப் பையருக்கும் பர்ச்சேஸ்காரருக்கும் என்று சேமித்து வையுங்கள். 'வணக்கம், நலமா' என்பதில் அந்த இடத்தைக் கரைக்காமல், அவர் கம்பெனி வாங்கும் எந்தப் பொருளை நீங்கள் செய்கிறீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி செயற்கை நுண்ணறிவு. சுயவிவரத்தை எழுதித் தரும் வசதி 2023இல் கட்டணச் சந்தாதாரர்களுக்கு வந்தது. பதிவு எழுதும் இடத்திலும் திருத்தித் தருகிறேன் என்று பொத்தான் வந்து நிற்கிறது. அதை அழுத்தினால் வருவது உலகத்தில் எந்த ஊர்க் கம்பெனிக்கும் பொருந்தும் வாசகம்: தரத்தில் சமரசமில்லை, வாடிக்கையாளரே மையம், புதுமையில் ஆர்வம். நம் பட்டறையின் பலம் இருப்பதோ வேறு இடத்தில். எத்தனை மைக்ரானுக்குள் அளவு நிற்கும், மாதிரி கேட்டால் எத்தனை நாளில் கொடுப்போம், ஒரே பீஸ் கேட்டாலும் செய்வோமா என்பதெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாது. தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் இவற்றைச் சொன்னாலும் பையர் படிப்பார். எழுத்துப் பிழை திருத்துவதற்கு மட்டும் ஏ.ஐ.யை வைத்துக்கொள்ளலாம். இந்த வசதிக்குத் தாங்கள் எதிர்பார்த்த அளவு வரவேற்பு இல்லை என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ரயன் ரோஸ்லான்ஸ்கியே 2025 ஜூனில் ஒரு பேட்டியில் சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

நீங்கள் எழுதுவதை வைத்துத் தன் ஏ.ஐ.க்குப் பாடம் நடத்தவும் தளம் அனுமதி எடுத்துக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் இது வெளியே தெரிந்தது. இந்தியக் கணக்குகளில் அந்த அனுமதி தானாகவே 'ஆன்' நிலையில் இருக்கும். செட்டிங்ஸ், டேட்டா பிரைவசி, டேட்டா ஃபார் ஜெனரேட்டிவ் ஏ.ஐ. இம்ப்ரூவ்மென்ட் என்று போய் நிறுத்தலாம். அதுவரை எடுத்தது எடுத்ததுதான், இனிமேல் எடுப்பது மட்டும் நிற்கும். கேட்காமலே ஆன் செய்து வைத்த முறை எனக்கு ஏற்புடையதல்ல.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் சில விஷயங்கள். பி.எஸ்.ஜி., ஜி.சி.டி., சி.ஐ.டி. மாணவர்களுக்கு இந்தத் தளம் முன்பே பழக்கம். ஒரு வேலைக்கும் உங்கள் தகுதிக்கும் எவ்வளவு பொருத்தம் என்று சொல்லும் புது வசதி 2025இல் வந்தது. விண்ணப்பித்துக்கொண்டே இருப்பதைவிட, எங்கே இடிக்கிறது என்று இதில் பார்த்துவிட்டு நான்கு இடங்களுக்கு ஒழுங்காக விண்ணப்பிப்பது மேல். வேலை தேடுவதைச் சொல்லும் 'ஓபன் டு ஒர்க்' வசதியைப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் காட்டலாம், அல்லது வளையம் இல்லாமல் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம். இப்போதைய கம்பெனியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் உறுதி தர முடியாது என்று தளமே சொல்கிறது. கோவையில் ஹெச்.ஆர். ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

பணம் கட்டச் சொல்லும், உடனே வாட்ஸ்அப்புக்கு வா என்று இழுக்கும், வெளிநாட்டில் டைப்பிங் வேலைக்குக் கை நிறையச் சம்பளம் என்னும் அழைப்பு எந்தத் தளத்தில் வந்தாலும் விலகி நில்லுங்கள். வெளிநாட்டில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலை விளம்பரத்தில் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அதே வேலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது வசதிகளில், 2024இல் தளம் சேர்த்த விளையாட்டுகள் வெறும் பொழுதுபோக்கு, தொழிலுக்கு அவற்றால் ஒன்றும் இல்லை.

என் பெரிய குறை மொழி பற்றியது. 2021 டிசம்பரில் இந்தி வந்தது. பிறகு தெலுங்கு, மராத்தி, வங்காளம், பஞ்சாபி என்று சேர்ந்தன. தமிழ் இந்த வரிசையில் இல்லை. தமிழில் பதிவு எழுதலாம், ஆனால் மெனுவும் செட்டிங்ஸும் ஆங்கிலத்தில்தான். இங்கே எத்தனையோ பட்டறைக்காரர்கள் தமிழ்வழியில் படித்து, பத்து மைக்ரான் வித்தியாசத்தை விரல் நுனியில் சொல்லக்கூடியவர்கள். மேலே நான் சொன்ன செட்டிங்குகளைக் கண்டுபிடிக்கவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் கரூருக்கும் இருக்கும் ஏற்றுமதியை நினைத்தால், தமிழ் எப்போதோ வந்திருக்க வேண்டும். கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிரீமியம் சந்தா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்டறைக்கு வேண்டாம், இலவசக் கணக்கே போதும். தீவிரமாக வேலை தேடும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம், வேலை கிடைத்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். கணக்கு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஹெட்லைனை அப்புறம்கூட மாற்றிக்கொள்ளலாம். கனெக்‌ஷன்ஸ் பட்டியலை இன்றைக்கே மறைத்துவிடுங்கள்.