வளையாத கையும் தூக்க முடியாத மனிதரும்

ஒல்லியான ஒரு பெரியவர் நிற்கிறார். எதிரே வாட்டசாட்டமான நாலு பேர், ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து வரிசையாக நின்று, மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். பெரியவர் அசையவில்லை, சிரித்துக்கொண்டே நிற்கிறார். தற்காப்புக் கலைகள் மேல் கொஞ்சம் ஆர்வம் உள்ள யாரும் இந்தக் காட்சியை ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் ரெண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சிக்கு இது உள்ளாற்றல். சீனத்தில் ச்சி, ஜப்பானில் கீ, நம் ஆட்கள் உடனே பிராணன் என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். இன்னொரு கட்சி, "அதெல்லாம் ஒண்ணுமில்லை, வெறும் பயோமெக்கானிக்ஸ்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

எனக்கு ரெண்டு கட்சி மேலும் குறை உண்டு. முதல் கட்சி விளக்கம் கேட்டால் ஒரு பெயரைக் கொடுக்கிறது. ரெண்டாவது கட்சி செய்வதும் பெரும்பாலும் அதேதான். எந்த மூட்டு, எந்தத் திசை, எத்தனை கிலோ என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாதவரை பயோமெக்கானிக்ஸ் என்பதும் ஒரு மந்திரச் சொல்தான்.

கதையை ஜப்பானில் தொடங்காமல் அமெரிக்காவில் தொடங்குகிறேன், காரணம் பின்னால் புரியும். 1883-ல் ஜார்ஜியா மாநிலத்தில் லூலு ஹர்ஸ்ட் என்ற பதினான்கு வயதுப் பெண் மேடையேறினாள். ஒரு கழியை ஆண்கள் ரெண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லூலு அதன்மேல் உள்ளங்கையை லேசாக வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆண்கள் மேடை முழுக்கத் தள்ளாடிக்கொண்டு அலைவார்கள். ஒரு இடி மின்னல் இரவில் இந்தச் சக்தி அவளிடம் வந்தது என்று கதை கட்டினார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் மின்சாரம், காந்தம். எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. புரியாத எல்லாவற்றுக்கும் மின்சாரம் என்று பெயர் வைக்கத் தோதான காலம்.

வானியலாளர் சைமன் நியூகோம் அவளை நேரில் பார்த்துவிட்டு 1885-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அவர் கண்டுபிடித்ததில் அதிசயம் எதுவும் இல்லை. கழியைப் பிடித்திருப்பவர் அது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். லேசான ஒரு தள்ளு வந்ததும் முழுப் பலத்தோடு எதிர்க்கிறார். அதற்குள் தள்ளு திசை மாறிவிடுகிறது. அவரைத் தள்ளாட வைப்பது அவருடைய சொந்தப் பலம்தான். லூலு ரெண்டே வருடத்தில் மேடையை விட்டு இறங்கினாள், தன் நிகழ்ச்சி மேலாளரையே கல்யாணம் செய்துகொண்டாள். 1897-ல் சுயசரிதை எழுதி, ஒவ்வொரு வித்தையும் எந்த நெம்புகோல், எந்தச் சமநிலை என்று தானே விளக்கினாள். இந்தத் துறையில் இப்படி வாயைத் திறந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்த ஆள் ஜானி கூலன். பான்டம்வெயிட் குத்துச்சண்டையில் உலக சாம்பியனாக இருந்தவர், எடை சுமார் 50 கிலோ. 1920-களில் பாரிஸில் 'தூக்க முடியாத மனிதர்' என்று மேடை ஏறினார். முதலில் எதிராளி அவரைச் சும்மா தூக்கிவிடுவார். ரெண்டாம் முறை கூலன் ஒரு கையால் அவர் மணிக்கட்டையும் இன்னொரு கை விரலால் கழுத்தின் பக்கவாட்டையும் தொடுவார். அதன்பிறகு எப்பேர்ப்பட்ட பயில்வானும் தூக்க முடியாது. பின்னாளில் சிகாகோவில் அவர் நடத்திய பயிற்சிக் கூடத்தில் முகமது அலியும் தூக்கிப் பார்த்திருக்கிறார், படம் இருக்கிறது.

இதில் என்ன நடக்கிறது? தண்ணீர்க் குடத்தை இடுப்போடு ஒட்டித் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 50 கிலோ ஆளைத் தூக்குபவரின் முதுகுத்தண்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், இடுப்பு தாங்க வேண்டிய திருப்புவிசை சுமார் 98 நியூட்டன்-மீட்டர். அதே ஆள் 45 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 220. மணிக்கட்டில் வைத்த கை அவரை நெருங்கவிடாமல் தடுக்கிறது. கழுத்தில் வைத்த விரல் தலையைப் பின்னுக்குத் தள்ளி முதுகின் நிலையைக் கெடுக்கிறது. தூக்குபவர் கண்ணுக்குக் கூலன் முன்பு நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார். ஒரு சாண் தள்ளிப்போனது தெரிவதில்லை.

இப்போது ஜப்பானுக்கு வரலாம். அய்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவின் முக்கிய மாணவர் கொய்ச்சி தொஹெய். 1953-ல் ஹவாய்க்குப் போய் அய்கிடோவை அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்தவர். 1971-ல் கீ சங்கத்தைத் தொடங்கினார், 1974-ல் தாய் அமைப்பிலிருந்தே பிரிந்துவிட்டார். அவர் பரப்பியவற்றில் மிகப் பிரபலமானது 'வளையாத கை'. அவருடைய பாடத்தில் தூக்க முடியாத உடம்பும் உண்டு. முதல் முறை சாதாரணமாக நில், தூக்கிவிடுவார்கள். ரெண்டாம் முறை எடை கீழே இறங்கியிருப்பதாக நினைத்து நில், தூக்க முடியாது. சிகாகோவில் வேடிக்கையாகச் செய்த அதே காரியத்துக்கு தோக்கியோவில் கீ என்று பெயர். ஜார்ஜியாவாக இருந்தால் மின்சாரம். இப்போது சிலர் தசையுறை என்கிறார்கள், இன்னும் சிலர் குவாண்டம் வரை போய்விட்டார்கள். செயல் ஒன்றே, காலத்துக்கு ஏற்ற சொல் மட்டும் மாறிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் தொடங்கியது இதற்காகத்தான்.

வளையாத கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இது ஏமாற்று இல்லை. உங்கள் மணிக்கட்டை நண்பரின் தோளில் வையுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். அவர் ரெண்டு கையாலும் உங்கள் முழங்கை மடிப்பைப் பிடித்துக் கீழே அழுத்துவார். முதல் தடவை, "முஷ்டியை இறுக்கி முழுப் பலத்தோடு எதிர்த்து நில்" என்பார் ஆசிரியர். கை மடங்கிவிடும். ரெண்டாம் தடவை, "விரல்களைத் திற, தோளைத் தளர்த்து, கை ஒரு குழாய், அதன் வழியே தண்ணீர் பாய்ந்து விரல் நுனி வழியாக எதிர்ச் சுவர் வரைக்கும் போகிறது என்று நினை" என்பார். கை மடங்காது. செஞ்சு பாருங்க, பெரும்பாலானவர்களுக்கு முதல் முயற்சியிலேயே வரும்.

முழங்கையை நீட்டிப் பிடிப்பது ட்ரைசெப்ஸ். மடக்குவது பைசெப்ஸ். முஷ்டியை இறுக்கி 'பலத்தைக் காட்டு' என்றால் பழக்கம் இல்லாத ஆள் ரெண்டையும் சேர்த்து முறுக்குவார், பைசெப்ஸ் புடைத்துக்கொண்டு நிற்கும். அதாவது மடக்க வந்த நண்பருக்கு அவரே உள்ளிருந்து கை கொடுக்கிறார். நண்பர் 30 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுமார் 55 சென்டிமீட்டர் என்று வைத்தால், முழங்கையில் விழும் திருப்புவிசை ஏறக்குறைய 40 நியூட்டன்-மீட்டர். ஓரளவு உடம்பு உள்ள இளைஞரின் ட்ரைசெப்ஸ் இதைத் தனியாகவே தாங்கிவிடும். பைசெப்ஸ் எதிர்ப்பக்கம் 20 இழுத்தால் தாங்காது, கணக்கு அவ்வளவுதான். பாதி வீட்டை நாமே இடித்துவிட்டு, திருடன் பலசாலி என்று சொல்வது மாதிரி.

ஆனால் இங்கேதான் ரெண்டாம் கட்சி அவசரப்படுகிறது. "அப்போ கீ பொய், ட்ரைசெப்ஸ் நிஜம்" என்று முடித்துவிடுகிறார்கள். சரி, ஒருவரிடம் "பைசெப்ஸை விட்டுவிட்டு ட்ரைசெப்ஸை மட்டும் இறுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒருத்தராவது உடனே செய்வாரா என்பது சந்தேகம். தண்ணீர்க் குழாய் என்று சொன்னால் செய்துவிடுகிறார். உடலியக்கக் கல்வியில் காப்ரியேல் வுல்ஃப் 1998-ல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவும். பனிச்சறுக்குப் பயிற்சி எந்திரத்தில் ஒரு குழுவிடம் காலைக் கவனி என்றும், இன்னொரு குழுவிடம் காலுக்குக் கீழே உள்ள மேடையின் சக்கரங்களைக் கவனி என்றும் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்புக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருந்தால் அசைவு சீராகிறது என்று அதற்குப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளும் சொல்கின்றன. எதிர்ச் சுவர் வரை பாயும் தண்ணீர் என்பது அப்படி ஒரு வெளிக்கவனம். ஆகவே என் கணிப்பு இது: கீ ஒரு மோசமான விளக்கம், ஆனால் ரொம்ப நல்ல கட்டளை. தொஹெய் இயற்பியலாளராகத் தோற்றுப்போகலாம், வாத்தியாராக அவர் தோற்கவில்லை.

இனி அந்த நாலு பேர் வரிசை. பார்க்கும்போது நாலு ஆள் பலமும் பெரியவர் மேல் இறங்குவதாகத் தோன்றும். இறங்குவதில்லை. பெரியவரைத் தொடுவது முதல் ஆளின் கை மட்டும்தான். அந்தக் கை மடங்காமல் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் ஒரு கிலோகூட முன்னால் போகாது. பின்னால் இருப்பவர்கள் அதிகம் தள்ளினால் முதல் ஆள் நசுங்குவார், அல்லது நசுங்காமல் இருக்கக் காலை ஊன்றிப் பின்னோக்கித் தள்ளுவார். வரிசை நீளமாக இருந்தால் வேடிக்கை பெரிதாகும், விசை பெரிதாகாது.

சரி, அந்த ஒரு ஆள் தள்ளும் விசையாவது? பெரியவர் 60 கிலோ, தள்ளுபவர் 80 கிலோ என்று வைப்போம். 300 நியூட்டன் விசை, கிடையாக இல்லாமல் 20 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து பெரியவர் மார்பில் விழுகிறது. அதில் சுமார் 100 நியூட்டன், அதாவது 10 கிலோ எடை, பெரியவரைத் தரையில் அழுத்துகிறது. அதே 10 கிலோ தள்ளுபவரின் காலடியிலிருந்து குறைகிறது. இப்போது ரெண்டு பேருமே 70 கிலோ! பெரியவரின் பின்னங்கால் நன்றாகத் தள்ளி ஊன்றியிருந்தால் அவர் சரியவும் மாட்டார், வழுக்கவும் மாட்டார். இந்த 20 பாகையை உண்டாக்குவதுதான் வித்தை. இடுப்பைச் சற்று இறக்கி, எதிராளியின் முழங்கையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே ஏற்றினால் போதும். எதிராளி கோணத்தை மாற்றும்போதெல்லாம் இவரும் மாற்ற வேண்டும், அதுவும் கையின் தொடுகை வழியாக மட்டும் உணர்ந்து. பல வருடம் ஆகும். தாய் ச்சி பயில்பவர்கள் 'விசையைத் தரைக்கு அனுப்புவது' என்று சொல்வது இதைத்தான், அந்த வர்ணனை கிட்டத்தட்ட உண்மையே. இதை வெறும் நெம்புகோல் என்று தட்டிவிடுபவர்கள், வயலின் வெறும் உராய்வு என்றும் சொல்லலாம்.

கான்கிரீட் உடைப்பதைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் மூவரும் அளந்து 1979 ஏப்ரல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிவிட்டார்கள். கையின் வேகம் வினாடிக்கு 10 முதல் 14 மீட்டர், விசை 3,000 நியூட்டனுக்கு மேல், எலும்பு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு தாங்கும். மெக்நேர் கராத்தேயில் கருப்புப் பட்டை, பிறகு விண்வெளி வீரர், 1986-ல் சேலஞ்சர் விபத்தில் இறந்தார். உள்ளேயிருந்து அடித்தும் வெளியேயிருந்து அளந்தும் பார்த்த மனிதர். அந்தக் கட்டுரையில் கலையை மட்டம் தட்டும் தொனி எங்கேயும் கிடையாது.

இவ்வளவும் எதற்கு? கை வளையாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் அடுத்த படியில் வருகிறது. முதல் வகுப்பில் மாணவருக்கு ஒரு நிஜமான அனுபவம் கிடைக்கிறது, தன் கை வளையவில்லை. அந்த அனுபவத்துக்கு ஆசிரியர் தப்பான பெயரை ஒட்டிவிடுகிறார். பத்தாவது வகுப்பில் அதே பெயரைச் சொல்லி, தொடாமலே தள்ள முடியும் என்கிறார். முதலாவது நிஜம் என்பதால் மாணவர் ரெண்டாவதையும் நம்புகிறார், விழுகிறார். பக்கத்தில் இருப்பவரும் விழுகிறார். மரியாதை, வெட்கம், கூட்டத்தோடு போகும் சுபாவம் எல்லாம் சேர்ந்து விழ வைக்கும். இருபது வருடம் எல்லோரும் விழுந்துகொண்டே இருந்தால் ஆசிரியருக்கும் நம்பிக்கை வந்துவிடாதா?

ஜப்பானில் யானகி ரியூகென் என்ற ஆசிரியருக்கு நடந்தது அதுதான். கையை அசைத்தால் மாணவர்கள் கூட்டமாகச் சரிவார்கள். 2006-ல் வெளியாள் ஒருவரோடு, கலப்புச் சண்டை தெரிந்தவரோடு, மோத ஒப்புக்கொண்டார். வந்தவர் விழவில்லை. முகத்தில் அடி வாங்கிப் பெரியவர்தான் விழுந்தார். அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதிகம், என்னால் முடியவில்லை. மோசடிக்காரராக இருந்திருந்தால் அந்த மேடைக்கே வந்திருக்க மாட்டார். 2017-ல் செங்டுவில் தாய் ச்சி ஆசிரியர் வெய் லெய், சூ சியாவ்தோங்கிடம் சில வினாடிகளில் தோற்றதையும் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். தொலைக்காட்சியில் புறா தன் கையிலிருந்து பறக்க முடியாமல் நிற்பதைக் காட்டியவர் வெய் லெய். ஆனால் அந்தச் சண்டை காட்டியது அவருக்குச் சண்டை வராது என்பதை மட்டும்தான். புறா கேள்விக்கு அதில் பதில் இல்லை. குத்து வாங்கியதை வைத்து உயிரியக்கவியலை நிரூபித்துவிட்டதாகக் கொண்டாடுவது இன்னொரு சோம்பேறித்தனம்.

உங்கள் ஊரில் யாராவது இந்த மாதிரிச் செய்து காட்டினால் சண்டைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் எந்திரம் ரெண்டு எடுத்துப் போங்கள். தள்ளுபவர் ஒன்றின் மேல், பெரியவர் முன்னங்காலை இன்னொன்றின் மேல் வைத்து நிற்கட்டும், எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று மூன்றாம் ஆள் பார்த்து எழுதட்டும். வளையாத கைக்கு எந்திரமும் வேண்டாம், இருபது சீட்டு போதும். பத்தில் 'தண்ணீர்', பத்தில் 'முஷ்டி வேண்டாம், ட்ரைசெப்ஸ் மட்டும்' என்று எழுதிக் குலுக்குங்கள். கை நீட்டுபவர் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டை எடுத்துப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ரெண்டு விதத்திலும் விரல்கள் திறந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்துபவர் கண்டுபிடித்துவிடுவார். அழுத்துபவரின் கண்ணைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.