காலிக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம்

வண்டிக் கணக்கு நோட்டில் அடித்த வரி பழையது, அடிக்காத வரி நடப்பு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரி ஆபீஸ்களில் இதை யாரும் புது கணக்குப்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கொரு முறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பழைய தேதியை அழித்துப் புதியதை ஏற்றினால், விபத்து வழக்கில் "அன்றைக்கு எஃப்.சி. இருந்ததா?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அதனால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் புது வரி சேர்த்து, எது செல்லுபடியாவது என்று காட்ட 'நடப்பு' என்றொரு கட்டம் வைக்கிறார்கள். அதுவரை இருந்த வரிகளில் அந்தக் கட்டம் காலி. டேட்டாபேஸ் மொழியில் அது 'நல்'.

அப்படியே விட்டுவிடும் வழக்கம் சோம்பலில் மட்டும் பிறந்ததல்ல. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், 2018-இல் அதன் 11-ஆம் பதிப்பு வரும்வரை, தொடக்க மதிப்போடு ஒரு கட்டத்தைச் சேர்த்தால் மொத்த அட்டவணையும் திரும்ப எழுதப்பட்டது. காலியாகச் சேர்த்தால் நொடியில் முடிந்தது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் இன்னொரு லாபமும் உண்டு. வண்டி எண், நடப்பு இரண்டையும் சேர்த்துத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டு, நடப்பு வரிக்கு 1, பழையவற்றுக்கு நல் என்று வைத்தால், ஒரு வண்டிக்கு ஒரே நடப்பு வரிதான் நுழையும். பழைய வரிகள் எத்தனையும் இருக்கலாம். பழையவற்றுக்கு 0 போட்டால் இரண்டாவது பழைய வரியிலேயே முட்டும்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ்கள் இதே கட்டுப்பாட்டில் ஒரே வண்டிக்கு இரண்டாவது நல்லை ஏற்காது. அதைவிடப் பெரிய கோளாறு அர்த்தத்தில் இருக்கிறது.

நாற்பது லாரி வைத்திருக்கும் ஓர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். கட்டம் சேர்த்த பிறகு பத்து வண்டிக்கு எஃப்.சி. புதுப்பித்தாகிவிட்டது. அந்தப் பத்தின் பழைய வரிகளில் நல். இன்னும் கை படாத முப்பது வண்டியிலும் நல். முன்னது 'முடிந்தது', பின்னது 'ஓடிக்கொண்டிருக்கிறது'. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 'நடப்பு = 1' என்று கேட்டால் பத்து வரும். '1 அல்லாதவை' என்று கேட்டால் ஒன்றுகூட வராது. நல்லோடு ஒப்பிட்டால், டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் தரும் விடை ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, 'தெரியாது'. முப்பது லாரிக்கும் எஃப்.சி. நினைவூட்டல் போகாது. நல்லே கூடாது என்று டேட்டாபேஸ் அறிஞர் சி. ஜே. டேட் பல ஆண்டுகள் வாதிட்டதற்கு இந்த மூன்றாவது விடையும் ஒரு காரணம்.

அதற்காகக் காலிக் கட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு 1 நிரப்பினாலும் ஆபத்துண்டு. என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) வாங்கி வெளி மாநிலத்துக்கு விற்றுவிட்ட வண்டி கணக்கில் மறுபடி ஷெட்டுக்குத் திரும்பிவிடும். அந்த வரியைப் பொறுத்தவரை நல்தான் நேர்மையான பதில்: இன்னும் விசாரிக்கவில்லை.

எனவே கட்டத்தைக் காலியாகச் சேர்ப்பதில் தவறில்லை. விசாரித்து முடிக்காமல் தந்திரத்தை அதன்மேல் ஏற்றுவதுதான் தவறு. முப்பது வண்டியின் பட்டியலை அச்சிட்டு முதலாளியிடம் கொடுத்தால் ஒரு மாலையில் டிக் அடித்துவிடுவார். அதன்படி 1, 0 நிரப்பி, இனி நல் நுழையாதபடி பூட்டிவிடலாம். 'ஒரே நடப்பு வரி' என்ற காவலுக்குப் போஸ்ட்கிரெஸில் நடப்பு வரிகளுக்கு மட்டுமான பகுதிக் குறியீடு இருக்கிறது; எஸ்க்யூஎல் சர்வரிலும் 2008 முதல் அதே வசதி உண்டு. மைஎஸ்க்யூஎல்லிலேயே இருக்க வேண்டியவர்கள் பழைய தந்திரத்தைத் தொடரலாம், அந்த முப்பது வரியும் தீர்ந்த மறுநாளிலிருந்து.