பேராசிரியர் ஓக் ஆடாத ஆட்டம்

ஒரு வீடியோ கேம் விற்பனைக்கு வந்த பிறகும், ஆடுபவர் எந்த வழியில் சென்றாலும் எதிர்ப்படாத படங்களும் எதிராளிகளும் உரையாடல்களும் அதன் கார்ட்ரிட்ஜுக்குள் எஞ்சியிருப்பதுண்டு. இவற்றையே பயன்படாத உள்ளடக்கம் என்பர். ஒரு பகுதியைக் கைவிட முடிவு செய்யும் நிரலாளருக்கு அதற்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டாலே போதும் என்பதாலும், தரவை அடியோடு நீக்கினால் அதை அடுத்துள்ளவை இடம் மாறி, சோதித்து முடித்த பகுதிகளிலும் புதிய பிழைகள் முளைக்கக்கூடும் என்பதாலும், இத்தகைய எச்சங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. இவற்றை ரசிக்கக் கற்றுக்கொள்ள, 1996 பிப்ரவரியில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளியான போக்கிமான் சிவப்பு, பச்சைப் பதிப்புகளைவிட நல்ல பாடம் அமைவது அரிது. ஆர்வலர்கள் அந்த விளையாட்டின் நிரலை வரிவரியாகப் பிரித்து விளக்கியிருப்பதால், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்பதை இன்று எவரும் பார்த்தறியலாம்.

ரசனையின் முதல் படி, கிடைத்த பொருள் எத்தகையது என்று வகை பிரித்தறிவது. மிகவும் புகழ்பெற்ற மிஸ்ஸிங்நோ என்ற உருவம் மறைத்து வைக்கப்பட்ட உயிரினம் அன்று. விளையாட்டின் உள்வரிசையில் 190 எண்கள் உண்டு. அவற்றுள் 151 மட்டுமே உயிரினங்களுக்கு உரியவை. எஞ்சிய 39 எண்களுக்கும் இட்டுவைத்த பொதுப்பெயரே மிஸ்ஸிங்நோ என்பதால், அது தோன்றும்போது உண்மையில் திரையில் தெரிவது ஒரு காலியிடமே. எனினும் அந்தக் காலியிடங்களும் பொருளற்றவை அல்ல. ஆடுபவர் காணும் பட்டியல் எண்கள் இறுதியில் ஒழுங்குபடுத்தப்பட்டவை; உள்வரிசையோ பெரும்பாலும் உருவாக்கிய வரிசையையே காட்டுகிறது. முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட ரைடான், பட்டியலில் 112ஆவதாக இருந்தும் உள்வரிசையில் முதலிடம் பெறுவது அதனால்தான். இவ்வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துச் செல்பவருக்கு, ஒரு படைப்புக் குழுவின் பணிமேசைக்கு அருகில் நிற்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

இரண்டாவது படி, கிடைத்ததை அதன் சூழலோடு சேர்த்துப் படிப்பது. கதையின் தொடக்கத்தில் ஆடுபவருக்கு முதல் போக்கிமான் உயிரினத்தைத் தரும் பேராசிரியர் ஓக், இறுதிவரை எவரோடும் மோதுவதில்லை. ஆயினும் எதிராளிகளின் தரவில் அவருக்கென மூன்று அணிகள் முழுமையாக எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் டாரஸ், எக்ஸெக்யூட்டர், ஆர்கனைன், கியாரடோஸ் ஆகிய நான்கும் பொதுவாக இருக்க, நான்காவது இடத்தில் பிளாஸ்டாய்ஸ், வீனசார், சாரிஸார்டு ஆகிய மூன்றில் ஒன்று மாறி மாறி வருகிறது. இம்மூன்றும் தொடக்கத்தில் ஓக்கின் மேசைமேல் இருந்த மூன்று உயிரினங்களின் முதிர்ந்த வடிவங்கள் என்பதையும், அவற்றுள் ஒன்றை ஆடுபவரும் மற்றொன்றை அவருடைய போட்டியாளனும் எடுத்துக்கொள்ள ஒன்று மேசையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும் நினைவுகூர்ந்தால், மூன்று அணிகள் ஏன் தேவைப்பட்டன என்பது தானே விளங்கும்: யாரும் எடுக்காத அந்த மூன்றாவதைப் பேராசிரியரே வளர்த்திருக்கிறார். வலிமையைக் குறிக்கும் நிலை எண்களும் இதற்குத் துணைநிற்கின்றன. கதையின் கடைசி எதிராளியான போட்டியாளனின் அணி 59 முதல் 65 வரையிலான நிலைகளில் இருக்க, ஓக்கின் அணி 66இல் தொடங்கி 70இல் முடிகிறது. ஆகவே இது போகிற போக்கில் எழுதிப் பார்த்த சோதனைத் தரவாகத் தோன்றவில்லை. பட்டம் வென்ற பின் வரவேண்டிய உச்சப் போட்டியாகவே திட்டமிட்டிருக்க வேண்டும். அது கைவிடப்பட்டதால் கதைக்கு நன்மையே விளைந்தது எனலாம். வென்றவரை வாழ்த்த வரும் முதியவர் அங்கேயே வாளெடுத்திருந்தால், போட்டியாளனை வென்ற நிறைவு பாதியாகியிருக்கும்.

மூன்றாவது படி மிக நுட்பமானது: ஒரு பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையே சான்றாகக் கொள்வது. மியூ என்ற 151ஆவது உயிரினத்தை அந்தக் கார்ட்ரிட்ஜில் இயல்பான வழியில் சந்திக்க முடியாது. சோதனைக்கான கருவிகளை இறுதியில் நீக்கியபோது கிடைத்த ஏறத்தாழ 300 பைட் இடத்தில் அதை நுழைத்ததாக நிரலாளர் ஷிகேகி மோரிமோட்டோ பின்னர் ஒரு நேர்காணலில் கூறியுள்ளார். பைட் என்பது ஓர் எழுத்தையோ சிறு எண்ணையோ கொள்ளும் நினைவக அளவு. இந்தக் கூற்றுக்கு விளையாட்டின் நிரலே சாட்சி சொல்கிறது. மற்ற 150 உயிரினங்களின் அடிப்படை விவரங்களும் தலைக்கு 28 பைட்டாக ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அமைந்திருக்க, மியூவின் விவரம் மட்டும் தனியே வேறோரிடத்தில் கிடக்கிறது. சின்னபார் தீவின் பாழடைந்த மாளிகையில் உள்ள நாட்குறிப்புகளோ, தென்னமெரிக்கக் காட்டில் மியூ கண்டெடுக்கப்பட்டதையும் அது மியூட்டூ என்ற மற்றோர் உயிரினத்தை ஈன்றதையும் வெளிப்படையாகவே பேசுகின்றன. கதையில் பெயராக மட்டும் உலவிய ஒன்று கடைசி நேரத்தில் உடல் பெற்றது என்பதை உணரும்போது, அந்த நாட்குறிப்புகளை மறுமுறை படிப்பதன் சுவையே வேறு. வெளியான ஆண்டிலேயே கோரோகோரோ இதழ் வழியாக 20 பேருக்கு மட்டும் மியூ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட, சுமார் 78,000 பேர் விண்ணப்பித்தனர்.

இத்துறையில் வதந்திகள் மலிவு. வெர்மிலியன் துறைமுகத்தில் நிற்கும் ஒரு லாரிக்கு அடியில் மியூ ஒளிந்திருப்பதாகப் பல நாட்டுச் சிறுவர்கள் நம்பினர். தரவில் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. கேள்விப்பட்டதை நிரலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம் ரசனையைக் குறைப்பதில்லை. ஓக்கின் அணி போன்ற மெய்யான கண்டுபிடிப்புகளின் மதிப்பை அதுவே உயர்த்துகிறது.

புதிதாகத் தொடங்கும் வாசகர், தரவுப் பட்டியல்களைத் திறப்பதற்கு முன் விளையாட்டை ஒருமுறை முழுமையாக ஆடி முடிப்பது நலம். எது இடம்பெற்றது என்பதை அறியாதவருக்கு, எது விடுபட்டது என்பதன் அருமை புலப்படாது.