முகத்தை வைத்து ஊர் சொல்வது

தென்கொரியாவின் கியொங்ஜு தேசிய நூதனசாலையில் ஒரு மாலை இருக்கிறது. அதில் கோத்த மணிகளுள் ஒன்றுதான் எம்மை மறித்து நிறுத்துவது. குறுக்களவு 1.8 சென்ரிமீற்றர். கடும் நீலத்தில் வெள்ளைப் பறவைகள், பூங்கொப்புகள். இடையே வெள்ளை முகமும் பெரிய கண்ணும் சிவந்த உதடுமாய் மனிதர். சில்லா அரசின் பழைய கல்லறை மேடொன்றிலிருந்து 1970களில் தோண்டியெடுக்கப்பட்டது.

இம்முகங்களைக் கண்டதும் ஆய்வாளர் சிலர் மேற்கே திரும்பினர். வெள்ளைத் தோல், பெரிய கண். ஆகவே றோம உலகம், ஆகவே கருங்கடற்கரை. குடிவரவு மேசைகளின் முன் நின்ற எமக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானதே. மொசைக் கண்ணாடியில் முகம் செய்யும் கலை றோமர் காலத்து எகிப்தில் செழித்தது என்பது உண்மைதான். ஆனால் அம்முகம் எப்படிப் பிறக்கிறது? நிறநிறமான கண்ணாடிக் குச்சிகளை, வெட்டுமுகத்தில் ஒரு முகம் தெரியுமாறு அடுக்கிச் சூட்டில் ஒட்டவைத்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கட்டு மெலியும். முகம் சிறுக்கும், குலையாது. பின் வில்லை வில்லையாக அரிந்தால் எல்லாவற்றிலும் அதே முகம். அவற்றை மணியிற் பதிப்பார்கள். அது எவருடைய உருவப்படமுமல்ல, கோலத்தைப் போல ஒரு மாதிரி. அதைப் பிறப்புச் சான்றிதழாகக் கொள்வது எங்ஙனம்?

ஜேம்ஸ் லாங்ற்றன் என்ற கண்ணாடி ஆய்வாளர் முகத்தை விட்டுக் கைவேலையைப் பார்த்தார். கிழக்கு ஜாவாவின் 'ஜாதிம்' மணிகளோடு அது ஒத்துப்போவதைக் காட்டி, அங்கே செய்யப்பட்டிருக்கலாம் என்றார். எமக்கு இதுவே ஏற்புடையது.

ஜாவா என்றதும் அரிக்கமேட்டை இழுத்துவர எம்மவர்க்குக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். அரிக்கமேட்டார் தேர்ந்தது குழலாக இழுத்துத் துண்டாடிய ஒற்றைநிறச் சிறுமணிகளில். அவை தென்கிழக்காசியா எங்கும் போயின; அந்தப் பெருமை போதும். இந்த மணி எங்களுடையதல்ல.

ஆயினும் கொரியக் கல்லறையைத் தள்ளிவிடவும் முடியாது. ஜாதிம் மணிகளிற் பெரும்பாலானவை ஊரவர் தோண்டிச் சந்தையில் விற்றவை. எந்தக் குழி, எந்த மண் என்ற விபரமின்றியே சேகரிப்பாளர் கைக்குப் போனவை. கியொங்ஜு மணியோ முறையான அகழ்வில் வந்தது. பிறந்த இடத்தில் தொலைந்துபோன வயதை அதற்கு வாங்கிக் கொடுத்தது போய்ச் சேர்ந்த இடம்தான். காட்சிப்பெட்டியின் விளக்க அட்டையில் இவ்விரண்டு ஊர்களும் இரண்டு தனி வரிகளாக எழுதப்பட வேண்டும்.