மி.லி. பட்டனைத் தொடாதீர்கள்

சமையலறை டிஜிட்டல் தராசு எதை வாங்கினாலும் விவரம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் வரை காட்டும், பாத்திர எடையைக் கழிக்க டேர் பட்டன் இருக்கும். சிதம்பரத்துச் சமையலை வைத்து வாரக்கணக்கில் சோதித்த இந்தத் தராசும் கிராம் கணக்கில் குறை வைக்கவில்லை. ஆட்டோ ஆஃப் எரிச்சல் தருகிறது. வெல்லத்தைத் தட்டி முடிப்பதற்குள் திரை அணைந்து, கழித்து வைத்த பாத்திர எடையும் போய்விடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மி.லி. பட்டனைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

தராசுக்குத் தெரிந்தது எடை மட்டுமே. அந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்று பெயர் மாற்றிக் காட்டுகிறது. தண்ணீருக்கு அது சரி. பாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்லெண்ணெயோ 200 மி.லி. சுமார் 184 கிராம்தான் இருக்கும். திரையில் 200 வரும்வரை ஊற்றினால் 217 மி.லி. விழுந்துவிடும். தேனில் நேரெதிர்: 100 என்று காட்டும்போது பாத்திரத்தில் இருப்பது 70 மி.லி. அளவுதான்.

கத்தரிக்காய் கொத்சில் ஒரு கரண்டி எண்ணெய் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கொத்சுக்கு ஒன்றும் ஆகாது. திருவாதிரைக் களிக்கு ஆகும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 200 மி.லி. பச்சரிசி சுமார் 165 கிராம். மி.லி. பட்டனை நம்பி 200 வரை கொட்டினால் 240 மி.லி. அரிசி வந்துவிடும். தண்ணீர் மட்டும் சரியாக 600 மி.லி. இருக்கும். மூன்று பங்கு இரண்டரைப் பங்காகிவிட்டது. வறுத்து உடைத்த ரவை அந்தத் தண்ணீரில் முழுதாக வேகாது. வெல்லம் சேர்ந்த பிறகு வேக வைத்துச் சரிசெய்யவும் முடியாது.

பாட்டிமார் தராசு வைத்தா களி கிண்டினார்கள் என்பது நியாயமான கேள்வி. ஒரே ஆழாக்கால் எல்லாவற்றையும் தலைதட்டி அளந்தார்கள்; விகிதம் தப்பவில்லை. அந்தக் குறிப்பு வேறு வீட்டுக்குப் போகும்போதுதான் தகராறு. பழைய கணக்கில் ஆழாக்கு 168 மி.லி.; ரைஸ் குக்கரோடு வரும் கப் 180; அமெரிக்கச் சமையல் குறிப்பின் கப் சுமார் 237. போதாததற்கு வெல்லத்தைக் கடையில் கிலோவில் வாங்குகிறோம். அதைத் தட்டி ஆழாக்கில் போட்டால், அழுத்திப் போட்டதற்கும் உதிரியாகப் போட்டதற்கும் எடை நிறையவே மாறும். வெல்லத்துக்கு எடைதான் சரி.

இந்தத் தராசு உண்மையாக உதவுவது இங்கேதான். வீட்டு ஆழாக்கை அதன்மேல் வைத்து, டேர் அழுத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள்; காட்டும் கிராம்தான் உங்கள் ஆழாக்கின் மில்லிலிட்டர். துடைத்துவிட்டு அரிசி, பயத்தம்பருப்பு, உளுந்து மாவு என்று ஒவ்வொன்றாகத் தலைதட்டி நிறுத்து, டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். எந்த மாற்றுப் பட்டியலும் உங்கள் ஆழாக்குக்கும் உங்கள் கடை அரிசிக்கும் இவ்வளவு பொருந்தாது. மாவுக்கு மட்டும் சலித்த பிறகு நிறுக்க வேண்டும். பெருங்காயம் போல ஒன்றிரண்டு கிராம் பொருளுக்கு இந்தத் தராசு ஆகாது, சிட்டிகையே போதும்.

கிராம் பட்டனுக்காக இதை வாங்கலாம். தயாரிப்பவர்கள் அடுத்த மாடலில் மி.லி. பட்டனை எடுத்துவிட்டு, நாம் நிறுத்த பொருள்களின் எடையைச் சேமித்து வைக்க நாலு இடம் தரட்டும். திரையும் பத்து நிமிடமாவது அணையாமல் இருக்கட்டும்.