கட்டத்துக்குள் ஒரு திரையரங்கு

கோலாலம்பூர்த் தமிழ் ரசிகருக்கு ஒரு காலத்தில் படம் பார்ப்பது நாளிதழிலேயே தொடங்கிவிடும். 1924இல் பிறந்து 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற ஏடுகளில் படத்தின் பெயர், நட்சத்திரத்தின் முகம், அரங்கு, காட்சி நேரம் எல்லாம் ஒரே விளம்பரக் கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்காரருக்குக் கூப்பிடு தூரத்தில் லீடோ திரையரங்கு இருந்தது. பத்து ரோட்டில், இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், கொலிசியம் திரையரங்கு.

இவ்விளம்பரங்களின் அழகு அச்சின் குறையிலிருந்து வந்தது. மலிவான தாள் மையை உறிஞ்சி நிழற்படத்தின் இடைநிறங்களை விழுங்கிவிடும். ஆகவே முகங்கள் அடர்ந்த கறுப்பும் வெறும் வெள்ளையுமாகப் பிரிந்தன. தலைப்பெழுத்தைக் கையால் வரைந்தார்கள். கணினி எழுத்துருவில் அந்த மிடுக்கு இல்லை. தேர்ந்த ரசிகர் நடிகர் பெயர்களின் வரிசையையும் எழுத்தின் பருமனையும் பார்த்தே யாருடைய சந்தை எப்படி என்று சொல்லிவிடுவார். ‘இன்றே கடைசி’ என்ற வரியை மட்டும் அவர் முழுதாக நம்பியதில்லை.

பிற்காலத்தில் விளம்பரம் தாளைவிட்டு வெளியேறியது. மலேசியாவிலும் படமாக்கப்பட்ட ‘கபாலி’ 2016இல் வெளியானபோது, ஏர் ஏசியா விமானமொன்றின் உடலிலேயே ரஜினிகாந்தின் உருவம் பறந்தது.