காற்றாலையும் கடற்கோட்டையும்: ஒல்லாந்தரின் இரு காட்சிகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய தோற்றத்தை அறிய விழைவோர் பெரிதும் நாடுவன ஒல்லாந்தர் காலத்து அச்சுப்படங்களே. அவற்றைக் காண்போருள் ஒரு சாரார் அவற்றை ஐயத்துக்கிடமற்ற வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வர். மற்றொரு சாரார் ஆளவந்தோர் கைவேலை என ஒதுக்குவர். இவ்விரு முடிபுகளும் படத்தைப் பாராமலே எழுந்தவை. ஒரு படம் எதன்பொருட்டு ஆக்கப்பட்டது, எக்கருவியால் ஆக்கப்பட்டது, எவ்வடிவில் நம் கையை வந்தடைந்தது என்னும் மூன்றையும் வினவிய பின்னரே அதன் தகுதியை அளத்தல் முறையாகும்.

இதற்கு, ஒரே நகரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய இருவகை ஆக்கங்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். ஒன்று, ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யாக்கோப் வான் ராய்ஸ்டால் 1670ஆம் ஆண்டளவில் தீட்டிய வைக் பை டூர்ஸ்டேட் காற்றாலை ஓவியம். மற்றையது, 1672இல் அந்நகரிலேயே வெளிவந்த பிலிப்பஸ் பால்தேயஸ் பாதிரியாரின் நூலிலுள்ள செப்புத்தகட்டுப் படங்கள். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய இப்பாதிரியார் மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் தம் நூலில் விவரித்துள்ளார். ஐரோப்பிய வாசகருக்குத் தமிழ் எழுத்துகளை அறிமுகஞ்செய்த பக்கங்களும் அந்நூலில் உள்ளமை தமிழ் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

ராய்ஸ்டாலின் ஓவியத்திற் பொருள் மிக எளியது. லெக் ஆற்றங்கரையில் ஒரு காற்றாலை. நீரோரத்தில் மரமுளைகளும் நாணலும். ஒரு புறம் படகு. மறு புறம் நடந்து வரும் மூன்று பெண்கள். தொடுவானம் தாழ்ந்திருத்தலின் படத்தின் பெரும்பகுதி முகிலுக்கே உரியதாகிறது. ஓவியன் தாழ்வான இடத்தில் நின்று நோக்குகிறான். அதனால் அன்றாட மாவரைக்கும் ஆலை கோபுரம்போல் ஓங்கி நிற்கிறது. அரசனோ போரோ அங்கில்லை. எனினும் நீரோடும் காற்றோடும் போராடி வாழும் ஒரு மக்கட் கூட்டத்தின் பெருமிதம் அம்முகிலுக்கும் ஆலைக்கும் இடையே புலனாகின்றது.

ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் அரும்பொருளகத்திலுள்ள இவ்வோவியம் 83 சென்ரிமீற்றர் உயரமும் 101 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. நம்மிற் பெரும்பாலோர் காண்பதோ புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஒடுங்கிய அச்சுப்படியை. நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் ஆய அப்படியில் முகிலின் சாம்பல் நிறம் ஒரு பதிப்பில் நீலமாகவும் மற்றொன்றிற் பழுப்பாகவும் திரிகின்றது. வண்ணத்தின் தடிப்பும் தூரிகையின் தடமும் மறைகின்றன. ஆயினும் தாழ்ந்த தொடுவானமும் ஆலையின் நிமிர்வும் மாறுவதில்லை. ஆகவே அச்சுப்படி அமைப்பைக் கற்பிக்கும். நிறத்தைப் பற்றிச் சான்று கூறாது. இவ்வெல்லையை உணர்ந்தவனுக்கு அது நல்லாசிரியன்.

பால்தேயஸ் நூற்படங்களின் இயல்பு வேறானது. அங்கு அச்சுப்படி நகலன்று, அதுவே மூலம். செப்புத்தகட்டிற் கோடுகளைக் கீறி, கீறல்களில் மை நிறைத்து, ஈரத்தாளை அழுத்தி எடுப்பதற்காகவே அவ்வரைவுகள் ஆக்கப்பட்டன. நிறமின்மை அவற்றின் குறையன்று. பிற்காலத்தில் வண்ணம் பூசி விற்கப்படும் இத்தகைய பழம்படங்கள் கண்ணைக் கவரினும் மூலத்தினின்று விலகியனவே. இவ்வகைப் படங்களின் உயிர் நுண்கோட்டிலும், இடங்களைச் சுட்டும் எழுத்துக் குறிகளிலும் உள்ளது. மறுபதிப்புகளிற் படம் சுருங்கும்போது முதலில் அழிவன இவையே. ஒல்லாந்தர் காலக் காட்சிகளைத் திரட்டி ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் 1988இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு இவ்வகையிற் பேருதவியாகும்.

இனி, நோக்கத்தை வினவலாம். இத்தகைய துறைமுகக் காட்சிகள் பெரும்பாலும் கடலிலிருந்தோ பறவை நோக்கிலோ வரையப்பட்டவை. கப்பல்களும் அரண்களுமே அவற்றில் முதன்மை பெறும். இது வருவோனின் கண். வாழ்வோனின் கண் அன்று. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1622இல். அங்குக் கோட்டை எழுந்தது 1624இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1639இல். பால்தேயஸ் நூல் வெளிவந்த 1672இலோ பிரெஞ்சுக் கடற்படை இத்துறைமுகத்தினுட் புகுந்து ஒல்லாந்தரால் வெளியேற்றப்பட்டது. அரண்களையும் நங்கூரமிடும் இடத்தையும் அறியும் வேட்கை எங்கிருந்து பிறந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா. அரை நூற்றாண்டுக்கு முன்னரே வீழ்ந்த கோயிலை அப்படங்களில் தேடுதல் வீண். அதன் சுவடு, கோட்டை வாயிற் கல்லிற் பொறித்த இணைக்கயலில் உள்ளது. 1950இற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளில் உள்ளது.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையும் இங்குப் பொருத்திப் பார்க்கலாம். ராய்ஸ்டாலிடம் நிலமும் பொழுதும் ஆகிய முதலும், ஆலையும் படகும் ஆகிய கருவும், வாழ்வோரின் உணர்வாகிய உரியும் ஒருங்கே இயைந்துள்ளன. துறைமுக அச்சுப்படத்தில் முதலும் கருவும் உண்டு, உரி இல்லை. ஒரே நாட்டினர் தம் நிலத்தை உரிப்பொருளோடும் பிறர் நிலத்தை அஃதின்றியும் கண்டனர் என்பதே இவ்வொப்பீட்டின் பயன். இதனைப் பழியாகக் கூறவேண்டுவதில்லை. அப்படம் அதற்கென எழுந்ததன்று.

ஆனால் அவ்வெற்றிடத்தை இரவற் கண்கள் நிரப்பா. கொட்டியாரக் குடாவின் மாலையொளியும், கரைவலை இழுப்போரின் நிரையும், சுவாமிமலையடியில் அலை மோதும் பாறையும் அவற்றோடு வாழ்வோரின் தூரிகைக்குரியன. அயலூர் ஆலையொன்றைப் பெருங்காவியமாக்கிய ராய்ஸ்டாலிடம் கற்கவேண்டியது அவர் நிறத்தையன்று. தம் மண்ணருகே நின்று நோக்கிய அந்நோக்கையே.